மாமியோட சொத்தைப்பல் பிள்ளைக்கு ஒட்டுமா?

தக்கலையில இருந்து ஒருத்தங்க கேட்டிருக்காங்க: "பிள்ளைக்கு 14 மாசம். மாமி மட்டிப்பழத்த வாயில சவச்சு ஊட்டுகாங்க, அவங்களுக்கு கடவாப்பல்லு ரெண்டும் சொத்தை. பிள்ளைக்கும் வருமா? கேட்டா வீட்ல சண்டை தான் மிச்சம்."

சொத்தை ஒட்டாதுங்க, அத உண்டாக்குற கிருமி ஒட்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்னு பேரு. இது பெரும்பாலும் வீட்ல கூட இருக்கவங்க எச்சில் வழியாத்தான் பிள்ளைக்கு போகும், அதுலயும் அதிகமா அம்மாகிட்ட இருந்து, அதனால மாமிய மட்டும் குத்தம் சொல்லாதீங்க. பல்லு முளைக்க முளைக்க அதுக்கு ஒட்ட இடம் கெடைக்கும், ஒன்றரை வயசுல இருந்து ரெண்டரை வயசு வரைக்கும் கொஞ்சம் கவனமா இருக்கணும். அடைக்காத சொத்தை இருக்க வாயில இந்தக் கிருமி எக்கச்சக்கமா இருக்கும், அதனால மொதல்ல மாமிய பல் டாக்டர்ட்ட கூட்டிட்டு போங்க, பிள்ளைக்காகன்னு சொல்லாம "உங்களுக்கு வலிக்கும்லா மாமி"ன்னு சொன்னா சண்டையும் வராது. மட்டிப்பழம் ஸ்பூன வச்சு அமுக்கினாலே குழைஞ்சிரும், அத எதுக்கு சவைக்கணும்?

ஆனா ஒரே வீட்ல இருந்துட்டு எச்சில மொத்தமா தடுக்க முடியாது, முத்தம் குடுக்காதீங்கன்னு எல்லாம் நான் சொல்ல மாட்டேன். கிருமி வந்தாலும் அதுக்கு தீனி போடாம இருக்கதுதான் முக்கியம். இனிப்ப தின்னுட்டு அது ஆசிட் விடும், அந்த ஆசிட்டு தான் பல்லோட மேல் உறையான எனாமல அரிக்குது. ஏத்தங்காப்பொடி (நேந்திரங்காய் பொடி) காச்சும்போது கருப்பட்டி போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு நம்ம ஊர்ல ஒரு நெனப்பு உண்டு, பல்லுக்கு கருப்பட்டியும் சீனியும் ஒண்ணு தான். ராத்திரி சீனி போட்ட பால் பாட்டில வாயில வச்சே தூங்க விடுறது அதவிட மோசம், தூக்கத்துல எச்சில் கம்மியா ஊறும், ஆசிட்ட கழுவி விட ஆள் இல்ல. மார்த்தாண்டம் தேன்ல நிப்பிள முக்கி குடுக்கதும் வேண்டாம் (ஒரு வயசு ஆகாத பிள்ளைக்கு தேனே ஆகாது, அது பல்லு விஷயம் இல்ல, உயிர் விஷயம்).

1000 பிபிஎம் (ஃப்ளோரைடு எவ்வளவுன்னு சொல்ற அளவு) ஃப்ளோரைடு பேஸ்ட் வாங்கி ஒரு அரிசி அளவு மட்டும் எடுத்து ரெண்டு நேரமும் நீங்களே தேச்சு விடுங்க, ராத்திரி தேச்ச பொறவு தண்ணி மட்டும். வாரத்துக்கு ஒருக்கா மேல் உதட்ட தூக்கி பாருங்க, முன்பல்லுல ஈறு ஓரமா சுண்ணாம்பு கோடு மாதிரி வெள்ளையா தெரிஞ்சா உடனே டாக்டர்ட்ட காட்டுங்க. அந்த நிலைமையில ஃப்ளோரைடு வச்சே பெரும்பாலும் நிறுத்திரலாம், குழி விழுந்துட்டா அடைக்கத்தான் வேணும்.