சூத்திரம் தெரியும், விடை மட்டும் தப்பு: கன அளவுக் கணக்கு எங்கே இடறுகிறது?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு. அளவியல் பாடச் சூத்திரங்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஆனால் கன அளவுக் கணக்கில் பாதி தப்பாகிறது. எதைத் திருத்த வேண்டும்? (வாசகி, பெரம்பூர்)

பதில்: சூத்திரம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தால், தவறு பெரும்பாலும் அதற்குள் போடும் எண்ணில்தான் இருக்கும். உங்கள் வீட்டு சம்ப்பையே கணக்காக்கிக் கொடுங்கள். நீளம் 3 மீ, அகலம் 2 மீ, ஆழம் 1.5 மீ என்று வைத்துக்கொள்வோம். கன அளவு 9 கன மீட்டர், அதாவது 9,000 லிட்டர். மாடியில் உருளை வடிவத் தொட்டி, விட்டம் 1.4 மீ, உயரம் 1.5 மீ. சம்ப் நிறைந்திருக்கிறது, தொட்டி காலி. மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினால் சம்ப்பில் நீர்மட்டம் எவ்வளவு இறங்கும்?

கணக்கில் கொடுத்திருப்பது விட்டம். அதனால் முதல் வரியில் r = 0.7 மீ என்று எழுதிவிட வேண்டும். πr²h = 22/7 × 0.49 × 1.5 = 2.31 கன மீட்டர். இறங்கும் மட்டத்துக்கு இதை சம்ப்பின் அடிப்பரப்பான 6 சதுர மீட்டரால் வகுத்தால் 0.385 மீ, அதாவது 38.5 செ.மீ.

விட்டத்தையே ஆரமாகப் போட்டால் 9.24 கன மீட்டர் வரும். முழு சம்ப்பிலேயே 9,000 லிட்டர்தான் இருக்கிறது; 9,240 லிட்டர் எங்கிருந்து ஏறும்? விடை வந்ததும் இப்படி ஒரு கேள்வி கேட்கும் பழக்கம் அவளுக்கு வந்துவிட்டால் பாதித் தவறுகள் அங்கேயே பிடிபடும். ஆரம் இரட்டித்தால் உருளை 4 மடங்காகும், கோளம் 8 மடங்காகும்.

அடுத்தது அலகு. 1 மீட்டர் 100 செ.மீ. என்பதால் 1 கன மீட்டரும் 100 கன செ.மீ. என்று எழுதிவிடுகிறார்கள். அது 10,00,000 கன செ.மீ. மீட்டரும் சென்டிமீட்டரும் கலந்து வந்தால், பெருக்குவதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றிவிட வேண்டும்.

கூம்பில் சாயுயரம் கொடுத்து ஏமாற்றுவார்கள். ஆரம் 7, சாயுயரம் 25 செ.மீ. என்றால், செங்குத்துயரம் √(625 − 49) = 24. கன அளவு 1,232 கன செ.மீ. 25-ஐயே போட்டால் 1283.33... என்று முடியாமல் நீளும். பாடநூல் கணக்கில் எண் இப்படி இழுத்தால் ஒருமுறை திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

உருக்கி வார்க்கும் கணக்குகளில் 22/7-ஐத் தொடவே வேண்டாம். 6 செ.மீ. ஆரமுள்ள கோளத்தை உருக்கி 4 செ.மீ. ஆரமுள்ள உருளை செய்தால், கன அளவு மாறாது என்பதால் 288π = 16πh. இரு பக்கமும் π அடிபட்டு h = 18 செ.மீ. முன்கூட்டியே 22/7 போட்டவர்கள் வீணாகப் பின்னத்தோடு மல்லுக்கட்டுவார்கள்.

பயிற்சிக்கு, பக்கங்கள் நேராக உள்ள ஒரு பாத்திரத்தை எடுங்கள். உள்பக்கம் ஒட்டி நூலைச் சுற்றி அளக்கச் சொல்லுங்கள். 44 செ.மீ. வந்தால் ஆரம் 7 செ.மீ. அதில் 10 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் 1,540 கன செ.மீ., அதாவது 1.54 லிட்டர். லிட்டர் பாட்டிலில் அளந்து ஊற்றி அவளே சரிபார்க்கலாம்.