வாசகர் கேள்வி பதில்: ஐம்பது ஆண்டுப் பழைய டிஷ்வாஷரை வீட்டில் பொருத்தலாமா?

கேள்வி: அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், டேட்டன் நகருக்கு அருகில் வசிக்கிறோம். வீட்டோடு வந்த டிஷ்வாஷர் பதினைந்து ஆண்டுகள் உழைத்துவிட்டு இப்போது பாதிச் சுற்றிலேயே நின்றுவிடுகிறது. எங்கள் தெருவில் வீட்டைக் காலி செய்யும் முதியவர் ஒருவர், 1970களில் வாங்கி இன்றுவரை பயன்படுத்திவரும் கிச்சன்எய்ட் இயந்திரத்தைச் சொற்ப விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். எனக்கு ஆசை, என் கணவருக்கோ கசிவையும் மின்சாரத்தையும் நினைத்து அச்சம். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம் என்பதே என் கருத்து, ஆனால் அதன் ரப்பரையும் எனாமலையும் நேரில் பார்த்த பிறகுதான் பணத்தைக் கொடுக்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் இயந்திரம் உங்கள் ஊர்ப்பக்கத்து மரபைச் சேர்ந்தது. இல்லினாய் மாநிலத்தின் ஷெல்பிவில் ஊரைச் சேர்ந்த ஜோசஃபின் காக்ரேன் 1886இல் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்று, 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அதைக் காட்டினார். அவர் தொடங்கிய நிறுவனத்தை 1926இல் வாங்கியது டேட்டனுக்கு வடக்கே டிராய் நகரில் இருந்த ஹோபார்ட் நிறுவனம். 1949இல் கிச்சன்எய்ட் பெயரில் வீட்டு டிஷ்வாஷரை வெளியிட்டதும் அதுவே. உணவகங்களுக்குக் கனத்த சமையலறை இயந்திரங்களைச் செய்து பழகிய கைகள் என்பதால், அக்கால மாடல்களில் மோட்டாரும் பம்பும் வலுவாக இருக்கும். மின்னணுப் பலகை கிடையாது. ஒரு சிறிய மோட்டார் சுழற்றும் டைமர்தான் எல்லாவற்றையும் நடத்துகிறது. பழுது எங்கே என்பதைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்பதுதான் இத்தகைய இயந்திரத்தின் மீது எனக்குள்ள மதிப்புக்கு முதற்காரணம்.

போய்ப் பார்க்கும்போது கையில் டார்ச் ஒன்று எடுத்துச் செல்லுங்கள். கதவைத் திறந்து, சுற்றியுள்ள ரப்பரை விரல் நுனியால் அழுத்துங்கள். அது உடனே எழும்பி வந்தால் நல்லது, குழி அப்படியே நின்றாலோ துகள் உதிர்ந்தாலோ மாற்றியாக வேண்டும். தொட்டியின் உட்புறம் இரும்புத் தகட்டின் மேல் எனாமல் பூசியது. கூடை உரசும் இடங்களிலும் மூலைகளிலும் எனாமல் பெயர்ந்து துரு தெரிந்தால், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும் வாங்க வேண்டாம், ஏனென்றால் மற்றவற்றை மாற்றலாம், தொட்டியை மாற்ற முடியாது. பிறகு அடிப்பலகையைக் கழற்றி, பம்பின் அச்சுக்குக் கீழே காய்ந்த வெண்ணிறக் கோடோ துருப்பிடித்த தடமோ இருக்கிறதா என்று பாருங்கள். அது பழைய கசிவின் கையெழுத்து. அந்தப் பெரியவர் இன்றுவரை பயன்படுத்திவருகிறார் என்பது மிக நல்ல செய்தி. கிடங்கில் பல ஆண்டுகள் உலர்ந்து கிடந்த இயந்திரத்தில், முதல் நாள் சொட்டாத ரப்பர் வளையம்கூட இரண்டு வாரத்தில் சொட்டத் தொடங்கும். எதற்கும் பொருத்திய முதல் மூன்று சுற்றுகளுக்கு இயந்திரத்தின் கீழே ஓர் அட்டையை விரித்து வையுங்கள். ஒரே ஒரு துளி விழுந்தாலும் அட்டையில் கறுத்துத் தெரியும். டைமர் குமிழியை எப்போதும் முன்னோக்கி மட்டுமே திருப்புங்கள்.

உங்கள் கணவரின் அச்சம் நியாயமானது. பழைய மின்கம்பியின் உறை நொறுங்கியிருக்கலாம். எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்பதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் சோதிக்க வேண்டும். மின்கசிவு பாதுகாப்புள்ள இணைப்பில் இயந்திரத்தைப் போட்டவுடன் அது அடிக்கடி துண்டித்தால், அந்தப் பாதுகாப்பை நீக்க வேண்டாம், ஹீட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். இடமும் அளக்க வேண்டும்: 24 அங்குல அகலம் வழக்கமானதுதான், ஆனால் சமையலறையில் பின்னர் டைல்ஸ் பதித்திருந்தால் உயரம் இடிக்கும்.

தண்ணீர் விஷயத்தில் மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். 2013 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் முழு அளவு இயந்திரம் ஒரு சுற்றுக்கு 5 கேலனுக்கு மேல், அதாவது சுமார் 19 லிட்டருக்கு மேல், செலவிடக் கூடாது; உங்கள் பழைய மாடலுக்கு 10 கேலனுக்கும் மேல் தேவைப்படும், அதுவும் சுடுநீர். நாள்தோறும் ஓட்டினால் ஆண்டுக்குக் குறைந்தது 1,800 கேலன் கூடுதலாகச் செலவாகும். பதிலுக்கு, புதியவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும் வேலையை இது ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிக்கும். இரண்டு பேர் மட்டும் உள்ள வீடாக இருந்து இரண்டு நாளுக்கொருமுறை ஓட்டினால், இந்தச் செலவு எனக்கு ஏற்கத்தக்கதாகவே தோன்றுகிறது.

ஒன்று மட்டும் பலரும் கவனிக்காதது. அந்த இயந்திரம், அழுக்கை நீக்க உதவும் பாஸ்பேட் என்ற உப்பு நிறைந்த சோப்புப் பொடிக்காக வடிவமைக்கப்பட்டது. 2010 முதல் உங்கள் மாநிலம் உட்பட 16 மாநிலங்களில் அந்தப் பொடிக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. இன்றைய பொடியிலுள்ள என்சைம்கள் வேலை செய்ய நேரம் வேண்டும். எனவே குறுகிய சுற்றைத் தவிர்த்து, இயந்திரத்தை இயக்குவதற்கு முன் சமையலறை சிங்க் குழாயை நீர் சூடாகும்வரை திறந்துவிட்டு, பிறகு தொடங்குங்கள். குளிகை வடிவில் வருவது சோப்பு போடும் பழைய கிண்ணத்தில் சிக்கிக்கொள்ளக்கூடும் என்பதால் பொடியே நல்லது.

கேள்வி: பழைய டிஷ்வாஷரில் நம் பாத்திரங்களைப் போடலாமா? (வாசகர், ஹூஸ்டன்)

பதில்: எவர்சில்வர் தட்டும் டம்ளரும் தாராளமாகப் போடலாம். அலுமினியக் குக்கரும் அலுமினிய இட்லித் தட்டும் சோப்புப் பொடியின் காரத்தன்மையில் கறுத்துவிடும். இரும்புத் தோசைக்கல்லில் ஆண்டுக்கணக்கில் ஏறிய எண்ணெய்ப் பதம் ஒரே சுற்றில் போய்த் துருப்பிடிக்கும். பித்தளை, செம்பு வேண்டாம். இட்லித் தட்டு எவர்சில்வராக இருந்தால், குழிகள் கீழ்நோக்கி இருக்கும்படி சாய்த்து வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் அழுக்கு நீர் தேங்கி நிற்கும்.