சிறிய உலர் சரக்குக் கப்பல் ஒன்று இப்போது எங்கே இருக்கிறது, எவ்வளவு ஏற்றும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் கப்பலின் சர்வதேச அடையாள எண்ணான ஐஎம்ஓ எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பெயரை வைத்துத் தேடினால் அதே பெயரில் நான்கைந்து கப்பல்கள் வந்து நிற்கும். கப்பல் கைமாறினால் பெயர் மாறலாம். கொடி (பதிவு செய்த நாடு) மாறினால் எம்எம்எஸ்ஐ எனும் வானொலி அடையாள எண்ணும் மாறிவிடும் (இந்தியக் கொடிக்கு 419இல் தொடங்கும்). ஏழு இலக்க ஐஎம்ஓ எண் கப்பல் உடைக்கப்படும்வரை மாறாது. கிடைத்த எண் சரியா என்று பார்க்க, முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கமே ஏழாவது இலக்கம். 9074729க்கு 139 வரும். கடைசி 9, சரி.

இந்த எண்ணை, கப்பல்களின் இருப்பிடத்தைக் காட்டும் தளங்களான மெரைன் டிராஃபிக் அல்லது வெசல் ஃபைண்டரில் போடுங்கள். வரைபடத்தைப் பார்க்கும் முன் கடைசித் தகவல் வந்த நேரத்தைப் பாருங்கள். இந்தத் தகவலைக் கப்பலிலிருந்து அனுப்பும் கருவியான ஏஐஎஸ், விஎச்எஃப் வானொலி அலையில் வேலை செய்வது. கரையிலிருந்து சுமார் 40 கடல் மைல் தாண்டினால் கரை நிலையங்களுக்குப் பெரும்பாலும் எட்டாது. தூத்துக்குடியிலிருந்து மாலே போகும் கப்பல் நடுவழியில் காணாமல் போனால் பதறத் தேவையில்லை. செயற்கைக்கோள் தகவலுக்குப் பொதுவாகப் பணம் கட்ட வேண்டும். சர்வதேசப் பயணத்தில் 300 ஜிடிக்குக் (ஜிடி என்பது கப்பலின் மொத்தக் கொள்ளளவைக் குறிக்கும் அளவு, எடை அல்ல) குறைந்த சரக்குக் கப்பல்களுக்கு, சோலாஸ் எனும் சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிப்படி ஏஐஎஸ் கட்டாயமே இல்லை.

இருப்பிடமும் வேகமும் ஜிபிஎஸ்ஸிலிருந்து தானாக வருபவை, பெரும்பாலும் நம்பலாம். சேருமிடம், வந்துசேரும் நேரம், டிராஃப்ட் (கப்பல் நீரில் அமிழ்ந்திருக்கும் ஆழம்), 'நங்கூரத்தில்' போன்ற நிலை எல்லாம் கப்பலில் ஒருவர் கையால் பதிப்பவை. புறப்பட்ட பிறகும் பழைய துறைமுகப் பெயரே கிடப்பது சாதாரணம்.

கப்பலின் அடிப்படை விவரங்களுக்கு ஈக்வாசிஸ் தளம் போதும். இலவசம், பதிவு செய்தால் போதும். கட்டிய ஆண்டு, ஜிடி, டிடபிள்யூடி (கப்பல் சுமக்கக்கூடிய மொத்த எடை), உரிமையாளர், கிளாஸ் (கப்பலுக்குத் தரச் சான்று தரும் நிறுவனம்), துறைமுகச் சோதனையில் தடுத்து வைக்கப்பட்டதா என்பதெல்லாம் இருக்கும். இந்தக் கடைசி விவரத்தைத் தவறாமல் பாருங்கள். ஹோல்டு (சரக்கு அறை) எத்தனை, ஹாட்ச் (அந்த அறையின் மேல் திறப்பு) அளவு, கிரேன் திறன், கிரெயின் கொள்ளளவு (தானியம் போல் கொட்டி நிரப்பும் சரக்குக்கான இடம்) ஆகியவற்றைப் புரோக்கரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

பலர் சறுக்கும் இடம் டிடபிள்யூடி. 5,000 டன் டிடபிள்யூடி என்றால் 5,000 டன் சரக்கு ஏறாது. எரிபொருள், நன்னீர், சாமான்கள் எல்லாம் அதில் அடக்கம். இடமும் பிரச்சினை: கோதுமைக்கு டன்னுக்குச் சுமார் 1.3 கன மீட்டர் வேண்டும். கிரெயின் கொள்ளளவு 6,000 கன மீட்டர் என்றால் சுமார் 4,600 டன்னிலேயே ஹோல்டு நிறைந்துவிடும்.

ஏஐஎஸ் டிராஃப்ட்டை வைத்துச் சரக்கைக் கணக்கிடுவதும் ஆபத்து. 100 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலமுள்ள கப்பல் ஒரு சென்டிமீட்டர் அமிழக் கிட்டத்தட்ட 14 டன் வேண்டும். ஏஐஎஸ்ஸில் டிராஃப்ட் 0.1 மீட்டர் நுணுக்கத்தில்தான் வரும். அந்த ஒரு படியே 140 டன். எடை உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் சர்வேயரை வைத்து டிராஃப்ட் சர்வே (டிராஃப்ட்டை நேரில் அளந்து எடையைக் கணக்கிடுவது) எடுங்கள்.