ஈஸ்ட் தொற்றுக்குத் தாவரச் சாறு: ஆய்வறிக்கையை நம்பலாமா?

கேள்வி: பிறப்புறுப்பில் அரிப்பும் வெள்ளைப்படுதலும் ஒரே ஆண்டில் மூன்றாம் முறையாக வந்திருக்கின்றன. மருந்துக் கடையில் வாங்கிய ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மாத்திரை இம்முறை கேட்கவில்லை. காண்டிடா என்ற ஈஸ்ட் பூஞ்சையைக் கொல்லும் என்று ஆய்வக அறிக்கையோடு விற்கப்படும் தாவரச் சாற்றை உள்ளே தடவலாமா?

பதில்: தடவ வேண்டாம். அந்த அறிக்கை பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் கேள்விக்கு விடை அதில் இல்லை. ஈஸ்ட் பரப்பிய தட்டில், சாற்றில் நனைத்த சிறு காகித வட்டை வைத்து, அதைச் சுற்றி ஈஸ்ட் வளராத வளையம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பதுதான் அந்தச் சோதனை. சாறு இறக்கப் பயன்படும் எத்தனால், மெத்தனால் போன்றவையே ஈஸ்ட்டைத் தடுக்கக்கூடியவை என்பதால், கரைப்பானில் மட்டும் நனைத்த வட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருக்க வேண்டும். விற்பவர் காட்டும் தாளில் அந்த வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அளவும் முக்கியம். மருந்துக்கு அடங்கும் காண்டிடா அல்பிகன்ஸ் என்ற இனத்தைத் தடுக்க மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம் ஃப்ளூகோனசோலோ அதற்கும் குறைவோ போதும். சுத்திகரிக்காத சாறுகளுக்கோ பெரும்பாலும் மில்லிகிராம் கணக்கில் தேவைப்படுகிறது. அவ்வளவு அடர்த்தி மென்மையான சவ்வைப் புண்ணாக்கிவிடலாம்.

கிரேப்ஃப்ரூட் விதைச் சாறு என்று விற்கப்பட்ட பல புட்டிகளைப் பகுத்துப் பார்த்தபோது, கிருமியைக் கொன்றது விதையல்ல, அதில் கலந்திருந்த பென்செத்தோனியம் குளோரைடு போன்ற செயற்கைப் பதப்பொருள்களே என்று தெரிந்தது. உணவுத் துணைப்பொருள் என்று சீட்டு ஒட்டிவிட்டால் பலனை நிரூபிக்கச் சொல்லிப் பல நாடுகளில் கேட்பதே இல்லை. வளையம் அளந்து கட்டுரை வெளியிடும் ஆய்வாளர்களும் நோயாளிகளிடம் சோதிக்கும் கட்டத்துக்குப் போவது அரிது. அந்த இடைவெளியில்தான் சாறு விற்பவர்கள் பிழைக்கிறார்கள்.

மாத்திரை உண்மையிலேயே வேலை செய்யாத ஈஸ்ட்டும் உண்டு. காண்டிடா குரூசே என்ற இனம் இயல்பிலேயே ஃப்ளூகோனசோலுக்கு அடங்காது. காண்டிடா கிளாப்ரட்டாவும் பல நேரங்களில் எளிதில் அடங்குவதில்லை. ஆனால் உங்களிடம் இருப்பது எந்த இனம் என்பதைச் சாறு விற்பவராலும் சொல்ல முடியாது, மருந்துக் கடைக்காரராலும் சொல்ல முடியாது. பஞ்சுக்குச்சியில் கசிவை எடுத்து ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். அதே மாதிரியை நுண்ணோக்கியிலும் பார்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் ஈஸ்ட்டே இல்லாமல் பாக்டீரியாவால் வந்த தொந்தரவாகவும் அது இருக்கலாம். திரும்பத் திரும்ப வரும்போதாவது செய்ய வேண்டிய இந்தச் சோதனையைத் தள்ளிவிட்டு, இன்னொரு மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பும் வழக்கம் எரிச்சலூட்டுகிறது. நீங்களே வற்புறுத்திக் கேளுங்கள். மாதிரி எடுக்கும்வரை உள்ளே எதையும் தடவாதீர்கள். இரத்தச் சர்க்கரையையும் அன்றே பார்த்துவிடுங்கள். கட்டுப்படாத நீரிழிவு இருந்தால் இந்தத் தொற்று எளிதில் திரும்பி வரும்.