கப்பல்களை எல்லாம் கரையேற்றினால் கடல் மட்டம் எவ்வளவு குறையும்?

உலகக் கப்பல்களை எல்லாம் வெளியே எடுத்தால் கடல் 5.5 மில்லிமீட்டர் குறையும் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். 5.5 மில்லிமீட்டர் இல்லை, 5.5 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. கப்பல்களின் மொத்த எடை என்று நீங்கள் எடுத்துக்கொண்ட 200 கோடி டன் தோராயமாகச் சரி. டன்னை லிட்டராக மாற்றிவிட்டு, அதையே கன மீட்டர் என்று போட்டிருப்பீர்கள் போல. அதனால்தான் ஆயிரம் மடங்கு ஏறிவிட்டது.

இப்படிப் போட்டுப் பாருங்கள். மிதக்கும் கப்பல் தன் எடைக்குச் சமமான நீரைத்தான் விலக்கும். ஒரு டன் நீர் சுமார் ஒரு கன மீட்டர், ஆக 200 கோடி கன மீட்டர். கடலின் பரப்பு சுமார் 36 கோடி சதுர கிலோமீட்டர். வகுத்தால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஐந்தரை கன மீட்டர் (5,500 லிட்டர்), அதாவது 12,000 லிட்டர் தண்ணி லாரியில் பாதிகூட இல்லை. அதை அவ்வளவு பரப்பில் ஊற்றினால் எவ்வளவு ஏறும்!

ஒன்று மட்டும் கவனியுங்கள்: கப்பல் பட்டியல்களில் வரும் 'கிராஸ் டன்னேஜ்' எடையே அல்ல, கப்பலின் உள்கொள்ளளவை வைத்துப் போடும் எண். அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.