கன்டினியூவேஷன் பாஸிங் ஸ்டைல்: கேள்வி பதில்

கேள்வி: இந்தப் பாணியில் ஃபங்ஷன் எதையும் ரிட்டர்ன் செய்யாது என்கிறார்கள். பிறகு விடை எப்படிக் கிடைக்கும்?

பதில்: சாதாரணமாக கூட்டு(2, 3) என்று அழைத்தால் 5 நம்மிடம் திரும்பி வரும். இங்கே கூட்டு(2, 3, அப்புறம்) என்று இன்னொரு ஃபங்ஷனையும் சேர்த்துக் கொடுக்கிறோம். வேலை முடிந்ததும் கூட்டு அதை அப்புறம்(5) என்று அழைக்கும். விடை வந்தபின் செய்ய வேண்டிய மிச்ச வேலை முழுவதும் அதற்குள் இருக்கிறது. அதுதான் கன்டினியூவேஷன். ஆங்கிலத்தில் பெரும்பாலும் கே என்ற ஒற்றை எழுத்தால் குறிப்பார்கள். நான் சொல்லித்தரும்போது ‘அப்புறம்’ என்றே எழுதுவேன், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: ஃபேக்டோரியலை (3-க்கு 3 × 2 × 1) இப்படி எழுதினால் தலை சுற்றுகிறது.

பதில்: ஒருமுறை தாளில் எழுதிப் பாருங்கள். ‘வி → …’ என்றால், வி-ஐ வாங்கிக்கொண்டு அம்புக்குறிக்குப் பின்னால் உள்ளதைச் செய்யும் ஃபங்ஷன்.

ஃபேக்(எ, அப்புறம்):
எ = 0 என்றால் அப்புறம்(1)
இல்லையென்றால் ஃபேக்(எ − 1, வி → அப்புறம்(எ × வி))

ஃபேக்(3, காட்டு) என்று தொடங்கினால் அடுத்து வருவது ஃபேக்(2, வி → காட்டு(3 × வி)). சாதாரண ரிகர்ஷனில், அதாவது ஃபங்ஷன் தன்னையே அழைக்கும்போது, ‘3-ஆல் பெருக்கணும்’ என்ற பாக்கி வேலை ஸ்டாக்கில் (முடியாத அழைப்புகளை அடுக்கி வைக்கும் மெமரியில்) கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். இங்கே அது ஒரு ஃபங்ஷனாக உங்கள் கண்முன்னே நிற்கிறது. எ 0 ஆனதும் 1 கிளம்பும்: 1 × 1, 2 × 1, 3 × 2, கடைசியில் காட்டு(6).

கேள்வி: ஸ்டாக் நிரம்பாது என்று நம்பி ஜாவாஸ்கிரிப்டில் எழுதினேன், நிரம்பிவிட்டதே?

பதில்: நீங்கள் எழுதியதில் தவறில்லை. எல்லாம் டெயில் கால்தான் (ஃபங்ஷனின் கடைசி வேலையாக வரும் அழைப்பு), ஆனால் பழைய ஃபிரேமை (முந்தைய அழைப்பு ஸ்டாக்கில் பிடித்த இடத்தை) விடுவிக்க வேண்டியது மொழியின் வேலை. ஸ்கீம் என்ற நிரல் மொழியில் அது கட்டாயம். ஜாவாஸ்கிரிப்டின் 2015 தரநிர்ணயத்திலும் உண்டு. ஆனால் க்ரோமிலும் நோடிலும் இருக்கும் வி8 இன்ஜின் அதைச் செய்வதில்லை. அதனால் டிராம்போலின் வையுங்கள்: அடுத்த அழைப்பை நேரடியாகச் செய்யாமல் ஒரு சிறு ஃபங்ஷனாகத் திருப்பித் தந்து, வெளியே ஒரு லூப் அவற்றை ஒவ்வொன்றாக ஓட்டட்டும். இதனால் மெமரி மிச்சமாகும் என்று மட்டும் எண்ணாதீர்கள். ஸ்டாக்கில் இருந்தது க்ளோஷராக (தனக்குத் தேவையான மதிப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஃபங்ஷனாக) ஹீப் என்ற இன்னொரு மெமரிப் பகுதிக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: யார் கண்டுபிடித்தது?

பதில்: பலர், தனித்தனியாக. 1964-லேயே டச்சுக் கணினி அறிஞர் வான் வைங்கார்டன் இந்தக் கருத்தைச் சொல்லிவிட்டார். இந்தப் பெயர் வந்தது 1975-இல், ஸ்கீமை உருவாக்கிய சஸ்மன், ஸ்டீல் இருவரிடமிருந்து. ஸ்டீல் 1978-இல் தன் ராபிட் கம்பைலரை இதன்மேல்தான் கட்டினார்.

கேள்வி: கால்பேக்கும் (வேலை முடிந்ததும் அழைக்கச் சொல்லிக் கொடுக்கும் ஃபங்ஷன்) இதுவும் ஒன்றா?

பதில்: நெருங்கிய உறவு. ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வேலை முடியக் காத்திருக்க அவெய்ட் என்று எழுதும்போது அதற்குக் கீழே இருக்கும் வரிகள்தான் கன்டினியூவேஷன்.

கேள்வி: கம்பைலர் எழுதாத எனக்கு இதனால் என்ன பயன்?

பதில்: எல்லா நிரலையும் இப்படி எழுதச் சொல்லமாட்டேன், படிக்கக் கஷ்டம். ஆனால் ஒரு பட்டியலில் உள்ள எண்களைப் பெருக்குகிறீர்கள் என்று வையுங்கள்: 7, 4, 0, 9. 0 வந்த இடத்திலேயே விடை தெரிந்துவிட்டது. சாதாரண ரிகர்ஷனில் அந்த 0 ஒவ்வொரு படியாகத் திரும்பி, 4-ஆலும் 7-ஆலும் பெருக்கப்பட்டுத்தான் வெளியே வரும். இங்கே இரண்டு கன்டினியூவேஷன் கொடுங்கள், ஒன்று ‘அப்புறம்’, இன்னொன்று ‘வெளியே’. 0-ஐப் பார்த்ததும் வெளியே(0) என்று அழையுங்கள். காத்திருக்கும் பெருக்கல் ஒன்றுகூட நடக்காது. எக்ஸெப்ஷன் (பிழை வந்தால் நடுவிலேயே வெளியேறுவது) என்று நாம் பயன்படுத்துவதும் இதேதான். இதை நீங்களே எழுதி ஓட்டிப் பாருங்கள், சிக்கினால் எழுதிய நிரலோடு கேளுங்கள்.