எஸ்டிமேட்டில் சீட் பெல்ட்டையும் எழுதச் சொல்லுங்கள்

(வாகனம் – வாசகர் கேள்வி பதில்)

இன்ஷூரன்ஸ் சர்வேயராக விபத்துக் கார்களையே பார்த்து வந்தவன் என்பதால், சீட் பெல்ட் பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களை ஆசிரியர் என்னிடம் கொடுத்துவிட்டார். "சர்வீஸ் சென்டர்ல, அப்படித்தான் சார் இருக்கும்னு சொல்லி அனுப்பிட்டாங்க" என்ற வரி பல கடிதங்களில் இருக்கிறது. சில கார்களுக்கு அது சரியான பதில்தான். மற்றவற்றுக்கு அதை ஏற்றுக்கொள்ளக் கூடாது.

எங்கள் வீட்டு வாசல் நல்ல சரிவு. அங்கே காரில் ஏறி பெல்ட்டை இழுத்தால் பாதியிலேயே பிடித்துக்கொள்கிறது. சமதளத்துக்கு வந்தால் சரியாகிவிடுகிறது. இது பழுதா?
– வாசகி, கோத்தகிரி

பழுது இல்லை அம்மா. பெல்ட் சுருண்டிருக்கும் ரிட்ராக்டர் பெட்டிக்குள் பெரும்பாலும் ஒரு சின்ன எஃகுக் குண்டு இருக்கும். வண்டி திடீரென்று நின்றாலோ அதிகமாகச் சாய்ந்தாலோ குண்டு உருண்டு ஒரு கொக்கியைத் தூக்கும். கொக்கி பல்சக்கரத்தில் மாட்டி பெல்ட்டை நிறுத்திவிடும். உங்கள் வாசல் சரிவே அந்தக் குண்டை உருட்டிவிடுகிறது. பெல்ட்டை முழுதாக உள்ளே விட்டு, மெதுவாக இழுத்துப் பாருங்கள். வராவிட்டால் வண்டியைச் சமதளத்துக்கு நகர்த்தி மாட்டிக்கொண்டு, அதன் பிறகு சாலைக்குப் போங்கள்.

நான் பயப்படுவது எப்படி இழுத்தாலும் பிடிக்காத பெல்ட்டுக்குத்தான். கையால் வெடுக்கென்று இழுத்தால் பெரும்பாலான கார்களில் பெல்ட் சட்டென்று நிற்கும். தாராளமாக வந்துகொண்டே இருந்தால் அன்றைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

டிரைவர் பக்கத்துப் பக்கிளில் சில நாள் 'க்ளிக்' சத்தமே வருவதில்லை. மாட்டியது போல் இருக்கிறது, பிரேக் அடித்தால் கழன்று வருகிறது. சர்வீஸ் சென்டரில் விட்டால் 'செக் பண்ணிட்டோம், ஒண்ணும் இல்லை' என்கிறார்கள். கார் வாங்கி மூன்று வருடம்தான் ஆகிறது.
– வாசகர், திருப்பூர்

பக்கிளை மாற்றும்வரை அந்தக் காரை ஓட்டாதீர்கள். பிழைப்புக்கு வண்டி வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், புரிகிறது. ஆனாலும் ஓட்டாதீர்கள். பாதி மாட்டிய பெல்ட், மாட்டியிருக்கிறோம் என்ற தைரியத்தை மட்டும் கொடுக்கும்.

டார்ச் அடித்துப் பக்கிளின் வாய்க்குள் பாருங்கள். சில்லறைக் காசு, பிஸ்கட் தூள், மிட்டாய்க் காகிதம், கொட்டிய ஜூஸ் காய்ந்த பிசுக்கு என்று எதுவும் இருக்கலாம். எண்ணெய் விடாதீர்கள், தூசு இன்னும் அதிகமாக ஒட்டும். உள்ளே சுத்தமாக இருந்தும் கழன்றால் குறை பக்கிளில்தான்.

இப்படிப்பட்ட குறை உங்களுக்கு மட்டும் வந்ததும் இல்லை. 1995-ல் அமெரிக்காவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை டகாட்டா நிறுவனத்தின் சீட் பெல்ட்டுக்காகத் திரும்ப அழைத்தார்கள். 'பிரஸ்' என்று எழுதிய சிவப்புப் பொத்தானின் பிளாஸ்டிக் வெயிலில் நொறுங்கி, துண்டுகள் உள்ளே விழுந்து பக்கிள் பூட்டாமல் போனது. 2023-ல் ஹோண்டா நிறுவனம் அங்கே சுமார் 4.5 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. பக்கிளின் உட்புறப் பூச்சு நாளாக ஆக கெட்டு, குளிரில் பொத்தான் சிக்கிக்கொண்டு பெல்ட் பூட்டவில்லை. சில நாள் பூட்டும், சில நாள் பூட்டாது என்பதுதான் இந்தக் குறைகளின் குணம். மெக்கானிக் சோதித்த பத்து நிமிடத்தில் பூட்டியது என்றால், குறை அப்போது தலைகாட்டவில்லை என்றுதான் அர்த்தம்.

ஆகவே நிறுத்திய வண்டியிலேயே பல முறை மாட்டிப் பார்த்து, செருகுவதையும் இழுத்தால் வருவதையும் செல்போனில் படம் பிடியுங்கள். சர்வீஸுக்கு வண்டியை விடும்போது எழுதும் ஜாப் கார்டில் 'பெல்ட் செக்கப்' என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். 'டிரைவர் பெல்ட் பூட்டிய பின் பிரேக் அடிக்கும்போது கழல்கிறது' என்று முழு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். குறை இல்லை என்று சொன்னால் அதையும் எழுத்தில் கேளுங்கள். வாயால் 'ஒண்ணும் இல்லை' என்று சொன்ன எத்தனையோ பேர், எழுதித் தரச் சொன்னதும் பக்கிளை மாற்றிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அப்படியும் நடக்காவிட்டால் சேஸிஸ் நம்பர், ஓடிய கிலோமீட்டர், ஜாப் கார்டு நகல் எல்லாவற்றையும் வைத்து நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு மெயில் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் இணையதளத்திலும் புகாரைப் பதியுங்கள். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறும்படி உத்தரவிட அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. ஒரு மாடல் எத்தனை விற்றது, அதில் எத்தனை பேர் புகார் செய்தார்கள் என்ற கணக்கை வைத்துத்தான் கட்டாய ரீகால் வரும். ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும், உங்களுடையது மூன்று வருட வண்டி. சர்வீஸ் சென்டர் வாசலில் சண்டை போட்டுத் திரும்பி வந்தால் அந்தக் கணக்கில் நீங்கள் சேரமாட்டீர்கள்.

என் காருக்கு ரீகால் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? யாரும் போன் செய்யவில்லை.
– வாசகர், நாமக்கல்

தயாரிப்பாளரின் இணையதளத்தில் சேஸிஸ் நம்பரைப் போட்டால் தெரிந்துவிடும். ஆர்.சி.யில் அந்த எண் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கு போன் வருவது அபூர்வம், பழைய உரிமையாளரின் நம்பர்தானே அவர்களிடம் இருக்கும். 2022 டிசம்பரில் மாருதி சுஸுகி 9,125 கார்களைத் திரும்ப அழைத்தது. சியாஸ், பிரெஸ்ஸா, எர்டிகா, எக்ஸ்எல்6, கிராண்ட் விட்டாரா ஆகியவற்றில் நவம்பர் 2 முதல் 28 வரை தயாரானவை அவை. முன் சீட் பெல்ட்டைத் தோள் உயரத்துக்கு ஏற்றி இறக்கும் பாகத்தில் குறை. அடுத்த மாதமே கிராண்ட் விட்டாராவில் 11,177 கார்களுக்குப் பின் சீட் பெல்ட் பிராக்கெட்டுக்காக இன்னொரு அழைப்பு வந்தது. ரீகால் வேலைக்குக் காசு கிடையாது.

சீட் கவர் போட்டவர் பின் சீட் பக்கிள்களை அடியில் தள்ளிவிட்டார். பின்னால் பெல்ட் அவசியமா? முன்னால் பீப் சத்தத்தை நிறுத்த ஒரு கிளிப்பும் கொடுத்திருக்கிறார்.
– வாசகி, ஈரோடு

அவசியம். பக்கிள்களை இன்றைக்கே வெளியே எடுக்கச் சொல்லுங்கள். பின் சீட்டிலும் பெல்ட் போட வேண்டும் என்பது விதி, மீறினால் 1,000 ரூபாய் அபராதம். 2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின் சீட்டில் பெல்ட் இல்லாமல்தான் இறந்தார். அந்தக் கிளிப்பைத் தூக்கிப் போடுங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் தலையிட்டு, ஐந்து ஆன்லைன் விற்பனைத் தளங்களிலிருந்து அப்படிப்பட்ட 13,118 பொருள்களை நீக்க வைத்தது.

செகண்ட் ஹேண்டில் கார் வாங்கினேன். டிரைவர் பெல்ட் தொளதொளவென்று தொங்குகிறது, தானாக உள்ளே போவதில்லை. ஸ்பிரிங் மாற்றினால் போதுமா?
– வாசகர், தேனி

பெல்ட் நாடா அழுக்கேறி, தோள் பக்கத்து வளையத்தில் பிசுபிசுப்பு இருந்தாலும் உள்ளே போகாது. நாடாவை முழுதும் வெளியே இழுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகு விட்டுப் பாருங்கள். பிளீச்சிங் வேண்டாம், நாடாவின் இழை பலமிழக்கும்.

துடைத்தும் சரியாகாவிட்டால் அந்தக் கார் முன்பு மோதிய காரா என்று பார்க்க வேண்டும். நாடாவை வெளிச்சத்தில் பிடியுங்கள். தோள் வளையமும் பக்கிளில் செருகும் உலோக நாக்கும் உரசும் இடங்களில் உருகியது போல் பளபளப்பான தடம் தெரிகிறதா? நாடா அலை அலையாக நெளிந்திருக்கிறதா? ஒரு ஆளின் எடையை மோதும் வேகத்தில் தாங்கிய பெல்ட்டில்தான் அது வரும். அடுத்து, சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கின் இணைப்பையே எடுத்திருக்கலாம். ஒழுங்காக எரிந்து அணைந்தாலும் முழுதாக நம்ப முடியாது. ஏர்பேக் இருந்த இடத்தில் ரெசிஸ்டர் என்ற சின்ன மின் பாகத்தை மாட்டி விளக்கை ஏமாற்றும் பட்டறைகள் இருக்கின்றன. கம்பெனி சர்வீஸில் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதை நான் இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. மோதிய காருக்கு எஸ்டிமேட் போடும்போது பம்பர், பானெட், ஹெட்லைட், ரேடியேட்டர், ஏர்பேக் எல்லாம் வரிசையாக வரும். பெல்ட் வராது. டிங்கர் பட்டறையில் வெளியே தெரிவதற்குத்தான் மதிப்பு. உரிமையாளரும் பெயின்ட் நிறம் பொருந்துகிறதா என்றுதான் பார்ப்பார். முன் பெல்ட்டில் ப்ரீடென்ஷனர் என்று ஒன்று இருக்கிறது. மோதிய கணத்தில் சிறு வெடிமருந்து வெடித்து நாடாவை உடம்போடு இறுக்கும். அது ஒரே ஒருமுறைதான் வேலை செய்யும். அதோடு சேர்ந்த லோடு லிமிட்டர் தண்டு முறுக்கிக்கொண்டே நாடாவைக் கொஞ்சம் விட்டுக் கொடுத்து விலா எலும்பைக் காப்பாற்றும். முறுக்கிய தண்டு திரும்பாது. மோதலில் ஆளைத் தாங்கிய பெல்ட்டை ஸ்பிரிங் மாற்றித் திரும்ப மாட்டுவது அடுத்து உட்காருபவருக்குச் செய்யும் துரோகம். உங்கள் காரில் தடம் தெரிந்தால் முழு செட்டாக மாற்றுங்கள், பழைய இரும்புக் கடையிலிருந்து வாங்கி மாட்டாதீர்கள். இனி யாருக்கு விபத்து நடந்தாலும், சர்வேயர் வரும்போது பெல்ட்டை இழுத்துக் காட்டி எஸ்டிமேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். கேட்டால் எழுதுவோம்.

மோதியபோது கணவருக்குப் பெல்ட் பிடிக்கவில்லை, நெஞ்சு ஸ்டீயரிங்கில் மோதி இரண்டு விலா முறிந்தது. 'மோதிய வேகமும் கோணமும் போதவில்லை' என்கிறது நிறுவனம். நாங்கள் என்ன செய்ய முடியும்?
– வாசகி, திண்டுக்கல்

அந்தப் பதிலுக்குப் பணிய வேண்டாம் அம்மா. ஏர்பேக் விரியாத ஒரு கிரெட்டா கார் வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஹூண்டாய் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. வேகத்தையும் விசையையும் வைத்து மோதலைக் கணக்கிடும் இயற்பியல் நிபுணராக நுகர்வோர் இருக்க வேண்டியதில்லை என்று சொல்லி, இழப்பீட்டை உறுதி செய்தது. உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

வழக்குக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கார் இன்னும் பட்டறையில்தான் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ரிட்ராக்டர், பக்கிள், நாடா எதையும் கழற்ற விடாதீர்கள். இருந்த நிலையிலேயே, பக்கத்தில் அன்றைய செய்தித்தாளை வைத்துப் படமெடுங்கள். நிறுவனத்தின் ஆள் சோதிக்க வந்தால் உங்கள் தரப்பில் ஒரு ஆட்டோமொபைல் இன்ஜினீயரையும் கூட நிறுத்துங்கள். வேறு வழியில்லாமல் கழற்றினால், பெல்ட் செட்டை சீல் வைத்த பையில் போட்டு, பட்டறைக்காரர் கையெழுத்தோடு வீட்டுக்கு வாங்கி வந்துவிடுங்கள். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியில் நெஞ்சுக் காயம் எந்த இடத்தில் என்று குறித்திருக்கிறார்களா என்பதையும் இந்த வாரமே பாருங்கள்.